அம்சவல்லி மேடை மிதித்தது

எனக்கு ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமும் இல்லை. மரக்காணத்தில் மைக் செட் வைத்திருப்பவன் நான். காதுகுத்து, தீமிதி, கட்சிக் கூட்டம், சாவு என்று இந்த ஊரில் எந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டாலும் அது என் குழாய் வழியாகத்தான் கேட்டிருக்கும். ஜாஸ் வேண்டும் என்று ஒருத்தரும் என்னிடம் வந்து நின்றதில்லை. அப்படியிருக்க, பாண்டிச்சேரியில் வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் பிரியங்கா என்கிற பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, காசிலிங்கத்தின் உப்புக் களத்தில் ஜாஸ் திருவிழா நடத்தப்போவதாகச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பேச்சே, "மெயின் செட்டு நாங்க கொண்டாந்துடுவோம்ணா, நீங்க ரோட்டோரமா நாலு குழாயும் ஜெனரேட்டரும் போட்டாப் போதும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். போம்மா, குழாய் ஊதவா நான் கடை வைத்திருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் திருவிழா யார் பேரில் என்று கேட்டேன். குழந்தைசாமி பேரில் என்றாள். வாயை மூடிக்கொண்டு குழாயைத் துடைக்க ஆரம்பித்தேன்.

குழந்தைசாமி எனக்கு மாமா. சொந்த மாமா இல்லை, பக்கத்து வீடு. அவர் சம்சாரம் அம்சவல்லியை அக்கா என்று கூப்பிடுகிறேன், அதனால் அவர் மாமா. உப்பள வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மீசை அரும்பும் வயசில் ஊர் பேண்டு செட்டில் சேர்ந்து, கல்யாண ஊர்வலத்தில் டிரம்ஸை வயிற்றில் மாட்டிக்கொண்டு அடித்தவர். அங்கிருந்து மெட்ராஸ் போனார். பெரிய ஓட்டல்களில் வெள்ளைக்காரனும் பணக்காரனும் ஜோடி போட்டு ஆடுவார்களே, அந்த மேடைகளில் வாசித்தார். ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தார். கப்பலில் போய் ஊர் ஊராக வாசித்தார். எல்லா வேலையையும் மிஷின் எடுத்துக்கொண்ட பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரக்காணத்துக்கே வந்துவிட்டார். அவர் வாசித்த பழைய இசைத்தட்டுகளை உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தேடிப் பிடித்துக் கேட்கிறார்களாம். அந்த ஆள் உயிரோடு இருக்கிறார், அதுவும் கழுவெளி ஏரிக்கு இந்தப் பக்கம் சிமெண்டு ஓட்டு வீட்டில் கூழ் குடித்துக்கொண்டு இருக்கிறார் என்று தெரிந்ததும் பிரியங்காவுக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டதாம். எங்களுக்கு என்ன தெரியும். பேப்பர் படிக்கிற கிழவர் என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆனால் பாருங்கள், அவர் மெட்ராஸிலும் கப்பலிலும் சுற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் அம்சவல்லி அக்கா உப்பளத்திலேயே கிடந்தாள். மெட்ராஸில் இருக்கும்போது மாசத்துக்கு ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். அவர் மேடையில் வாசித்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த ஓட்டல்களுக்குள் ரப்பர் செருப்பு போட்டவளை யார் விடுவார்கள். கேட்டால், "தகரத்தத் தட்டுறதப் பாக்க மெட்ராஸ் வேற போவணுமா" என்பாள். மனசுக்குள் என்ன இருந்ததோ.

திருவிழா தை மாசத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. மாமாவும் வாசிப்பதாக ஒப்புக்கொண்டார். பழகிப் பார்க்கட்டும் என்று பிரியங்கா ஒரு முழு டிரம்ஸ் செட்டை வேனில் கொண்டுவந்து அவர் வீட்டில் இறக்கினாள். அந்த வீட்டில் இருப்பதே ஒரு கூடம், ஒரு அடுப்படி. டிரம்ஸ் கூடத்தை அடைத்துக்கொண்டது. அக்கா சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒட்டி ஒட்டிப் போனாள். "இன்னொரு பொண்டாட்டிய கூட்டியாந்து நடு வூட்ல குந்த வெச்சிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சொல்லும்போது சிரிப்புத்தான்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். போன ஆடியில் மாமாவுக்கு லேசாக வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்ததில் கை பழையபடி வந்துவிட்டது. கால் மட்டும் தாமதமாக வருகிறது. நடந்தால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரம்ஸ் என்றால் கைதானே என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன். கீழே பெரிய டிரம் ஒன்று கிடக்கிறது, அதற்கு ஒரு பெடல் உண்டு, வலது காலால் மிதித்தால்தான் அது பேசும் என்பது, நான் ஒருநாள் காலையில் டீ வாங்கிக்கொண்டு போய் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. கை இரண்டும் தண்ணி மாதிரி ஓடியது. கால் வந்து விழுவதற்குள் கை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே கதி. குச்சியை மூலையில் விட்டெறிந்துவிட்டு, "நடராசா, அந்தப் பொண்ணுகிட்ட எனுக்கு ஜொரம்னு சொல்லிடு" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது, வியாபாரத்தில் தவிர. நேராகப் பிரியங்காவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் ஓடி வந்தாள். அவர் பக்கத்தில் ஒரு வாலிபரை உட்கார வைத்து அந்தப் பெடலை மட்டும் மிதிக்கச் சொல்லலாமா என்று பயந்து பயந்து கேட்டாள். மாமா அவளைத் திட்டவில்லை. "என் எலைல இன்னொருத்தன் கைய வெச்சி சாப்புட்ற மாதிரி இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டது. பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்கார வைப்பது, பாண்டிச்சேரி வாலிபர் வாசிப்பது என்று பேசி முடித்தார்கள். மாமா அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

இதை அக்காவிடம் யார் சொல்வது. மறுநாள் காலையில் என் டிவிஎஸ்ஸில் மாமாவை ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பெய்யக்கூடாத மழை ஒன்று தை பிறந்ததும் பெய்துவிட்டுப் போயிருந்தது. பாத்திகளின் களிமண் தரை ஊறி இளகிக் கிடந்தது. தரையைக் காலால் மிதித்து இறுக்காமல் உப்புத் தண்ணி விட்டால், தண்ணி கீழே இறங்கிவிடும், உப்பு சேறாக வரும். அதற்குத்தான் மிதி. நாலு பெண்கள் தோள் உரச வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, ஒரே சமயத்தில் மிதிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே மிதிக்கக் கூடாது, குழி விழும். ஒவ்வொரு மிதிக்கும் அரைப் பாதம் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வரப்பு வந்தால் திரும்பி அடுத்த பட்டையில் வர வேண்டும். பாதியில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. விட்ட இடமும் தொட்ட இடமும் ஒட்டாமல் வெடித்துவிடும். வரிசையில் தலையாள் வைப்பதுதான் கால். எங்கள் பக்கத்து உப்பளங்களில் அம்சவல்லி அக்காதான் தலையாள். அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் அந்தோணியம்மாள். அந்தம்மாள் எக்கியார்குப்பத்திலிருந்து வருகிறவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

காசிலிங்கம் வரப்பில் குடையோடு நின்று, சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார். உப்பள முதலாளிகள் எல்லாருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். மாமா அவரைத் தாண்டிப் போய்ப் பாத்தி ஓரத்தில் நின்று, ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றார்.

"மிதிச்சிக்கினே கேக்கறேன், சொல்லு" என்றாள் அக்கா.

"சனிக்கெழம நான் வாசிக்கல அம்சா."

"ஏன்?"

"கால் வரல."

"கை வருதில்ல?"

"கை வந்து இன்னா பண்றது. கை இஷ்டத்துக்கு வெளிய போவும், சுத்தும், எப்பனா வரும். கால்தான் வூட்ல இருக்கணும். அது இருக்குதுங்கற தைரியத்துலதான் கை சுத்தும்."

அக்கா நாலைந்து மிதி மிதித்தாள். அப்புறம், "அப்ப இத்தினி வருசமா நான்தான் உனுக்குக் கால்னு சொல்லு" என்றாள். அந்தோணியம்மாள் குலுங்கிச் சிரித்ததில் வரிசையே ஒரு மிதி தடுமாறியது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வரப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் குடிதண்ணிக்கு வைத்திருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மையும் மண் அள்ளும் இரும்புச் சட்டியையும் இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து குச்சியை எடுத்தார்.

முதலில் சும்மா தட்டினார். அவர் வேகம் ஒன்றாகவும் அவர்கள் கால் ஒன்றாகவும் இருந்தது. "ஏய்யா, எங்க காலக் கலைக்கிற" என்று அக்கா அதட்டினாள். அவர் குச்சியை நிறுத்திவிட்டு அவர்கள் மிதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொம், தொம் என்று ஈர மண்ணில் விழுகிற சத்தம். அப்புறம் அதன் மேல் ஏறினார். எப்படிச் சொல்வேன். கால் விழுகிற இடத்தில் அவர் தட்டவே இல்லை. இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில் புகுந்து புகுந்து வந்தார். சட்டியில் ஒன்று, டிரம்மில் ஒன்று, திடீரென்று ஒன்றுமில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சும்மா. அந்தச் சும்மாவில் கால் மட்டும் தொம் என்று கேட்கும். அக்காவின் கால் ஒரு இழை பிசகவில்லை. அவர் எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வந்தாலும் அது அங்கேயே இருந்தது. அந்தப் பாத்தி எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காசிலிங்கம் கத்துவதை மறந்து குடையை மடக்கி வைத்திருந்தார்.

கூழும் நெத்திலிக் கருவாடும் தின்கிற நேரத்தில் மாமா கேட்டுவிட்டார். சனிக்கிழமை மேடைக்கு வருகிறாயா, இதே மிதியை அங்கே மிதிக்கிறாயா என்று. அக்கா கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெள்ளைக்காரன் முன்னால் காலைக் காட்டச் சொல்கிறாயா, சம்பந்தி வீட்டுக்காரர்கள் வருவார்களே, அவர்கள் என்ன பேசுவார்கள், தலைகீழாக நின்றாலும் முடியாது என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். மாமா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாம் தடவை கேட்கிற சாதி இல்லை அவர். நான்தான் போகிற வழியில் இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை களத்தில் கூட்டம் என்றால் கூட்டம். பாண்டிச்சேரியிலிருந்து காரில் வந்தவர்கள் ஒரு பக்கம், அனுமந்தையிலிருந்தும் எக்கியார்குப்பத்திலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் பஜ்ஜிக் கடை. பலகை அடித்த மேடைக்குப் பின்னால் பாத்திகளில் சாயங்கால வெளிச்சம் கிடந்தது. சாக்ஸபோன் ஊதுகிறவர், ஆள் உயர வயலின் மாதிரி ஒன்றை நிற்க வைத்து மீட்டுகிறவர், பியானோக்காரர், மூலையில் டிரம்ஸோடு அந்த வாலிபர். நன்றாகத்தான் வாசித்தார்கள், பொய் சொல்லக் கூடாது. மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, மாலை போட்டு, மேடையோரமாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா பொங்கலுக்கு எடுத்த பட்டுச் சேலையில் முன்வரிசையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்தவர் பாண்டிச்சேரிக்காரர், நல்ல தமிழ் பேசினார். "ஒரு காலத்தில் உலகத்தையே ஆட வைத்த கைகள் இவை. ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். அந்தக் கைகளுக்கு ஒரு கரகோஷம்" என்றார். ஊரே கைதட்டியது. மாமா கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அக்கா கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னா ஒரு காலத்துல? போன வாரம் ஒரு பாத்தி முழுக்க வாசிச்சாரே. நீயும்தான இருந்த. இவன் இன்னா ஒரு காலத்துலங்கறான்?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி என் மடியில் போட்டாள். பட்டுச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகினாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் இரண்டாம் வரிசையில்தான் இருந்தார்கள், பார்க்கட்டும் என்று படியேறிவிட்டாள். மாமாவிடம் போய், "வாய்யா. குச்சிய எடு" என்றாள். மாமா எழுந்து நின்றார். பொன்னாடை கீழே விழுந்தது. அந்த வாலிபர் நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து குச்சியை இரண்டு கையாலும் நீட்டினார்.

பிரியங்கா மேடையோரம் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர்கள் மைக் எல்லாம் வாத்தியங்களுக்குப் போய்விட்டது, அக்காவின் காலுக்கு ஒன்றுமில்லை. வந்ததா வேளை. என் பழைய மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பலகை மேல் படுக்க வைத்தேன். அதற்குள் அந்தோணியம்மாளும் வரிசைக்காரப் பெண்கள் இருவரும் மேடையில் ஏறியிருந்தார்கள். ஒற்றை ஆளாக மிதித்தால் கோணும் என்று அந்தோணியம்மாள் சிரித்தபடி சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது.

பாத்தியில் மிதி ஆரம்பிப்பது ஈசானிய மூலையில்தான், அக்கா மேடையிலும் அது எது என்று பார்த்தாள். அங்கே போய்ப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலு பேரும் தோள் உரச நின்றார்கள். தொம். பாத்தியில் கேட்கிற சத்தமா அது. பலகையும் என் மைக்கும் சேர்ந்து இடி இறக்கின. மாமா அதை நாலு மிதி கேட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் இறங்கினார்.

இதுவரைக்கும் யாரும் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு நின்ற இடத்தில் மிதிக்கத் தெரியாது. ஒவ்வொரு மிதிக்கும் அரைப் பாதம் முன்னால் வந்துகொண்டே இருந்தார்கள். பியானோக்காரரைச் சும்மா விட்டு, அவர் நாற்காலியை மட்டும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர் நின்றுகொண்டே வாசித்தார். மேடை விளிம்பு வந்ததும் திரும்பினார்கள். சாக்ஸபோன்காரர் எதிரே வரிசை வருவதைப் பார்த்து ஊதிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து படியில் இறங்கிவிட்டார். பெரிய வயலின்காரர் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினார். நான் மைக் வயரை இழுத்துக்கொண்டு அவர்கள் காலுக்கு முன்னால் தவழ்ந்துகொண்டே போனேன், என் வேட்டி என்ன ஆனது என்று கேட்காதீர்கள். கீழே உப்பளத்து ஜனங்கள் சும்மா இருப்பார்களா. அந்தப் பக்கம் ஒரு பட்டை விட்டுவிட்டீர்கள் என்று ஒருத்தர் கத்த, அக்கா உண்மையாகவே திரும்பிப் போய் அதை மிதித்துவிட்டு வந்தாள். காரில் வந்தவர்கள் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு வரிசை கட்டி மிதிக்க ஆரம்பித்தார்கள். பஜ்ஜிக் கடைக்காரன் அடுப்பை அணைத்துவிட்டான். மாமா எல்லாவற்றுக்கும் நடுவில் சுற்றினார், போனார், வந்தார், சும்மா இருந்தார், மறுபடி போனார். அவர் சிரிப்பதை அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பல் தெரியப் பார்த்தேன்.

இந்தப் பாட்டு இவ்வளவு நிமிஷம் என்று பிரியங்கா முன்பே கணக்கு வைத்திருந்தாள். அது எப்போதோ தாண்டிவிட்டது. அவள் கையைக் காட்டிப் பார்த்தாள். பாதிப் பாத்தியில் யார் நிறுத்துவார்கள். மேடை முழுக்க முடிந்து, கடைசியில் வரிசை டிரம்ஸ் இருந்த மூலைக்கு வந்து நின்றது. அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை, முன்னால் வருவதை மட்டும் நிறுத்தினாள்.

"எழுந்திருய்யா. அங்க மட்டும் பாக்கி" என்றாள்.

மாமா வாசிப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அந்த வாலிபரும் வயலின்காரரும் ஓடி வந்து டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தார்கள். முக்காலியும் போனது. மாமா குச்சியோடு வெறும் பலகையில் நின்றார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு அவரை வரிசையில் சேர்த்துக்கொண்டாள். வாத்தியம் எல்லாம் நின்றுவிட்டது. கூட்டமும் நின்றுவிட்டது.

இடது கால் விழுந்தது, எல்லாருடையதும் சேர்ந்து. வலது காலை மாமா தூக்கினார். அது வரவில்லை. நாலு பெண்களும் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார்கள். அது வந்தது. வந்து இறங்கும்போது நாலும் அதோடு சேர்ந்து இறங்கின. தொம். மறுபடி இடது. மறுபடி அந்தக் காத்திருப்பு. மறுபடி தொம். போகப் போகக் கால் சரியாகிவிட்டது என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். பொய். நான் மைக்குக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்தேன், எனக்குத் தெரியும். கடைசி மிதி வரைக்கும் அந்தக் கால் தாமதம்தான். ஐந்து பேரும் ஒன்றாகத் தாமதித்தார்கள், கீழே நின்ற அத்தனை பேரும் அவர்களோடு தாமதித்தார்கள், அப்புறம் அதைப் பிசகு என்று யார் சொல்வது.

மூலை முடிந்தது. பாத்தி முடிந்தால் தலையாள் முதலாளிக்குக் குரல் கொடுப்பது வழக்கம். பழக்க தோஷம், அக்கா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "ஆச்சு, தண்ணி வுடலாம்" என்று கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று நினைப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் தொப்பையோடு உட்கார்ந்திருந்த காசிலிங்கம் தன்னை மறந்து எழுந்து, "வுடு, வுடு" என்றார். களமே சிரித்தது. மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். அக்காவின் தோளில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.